பழைய கப்பலின் சூட்டா, புதிய கப்பலின் சூட்டா: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

கப்பல் பயணத்துக்குச் சூட் (சாதாரண அறையைவிடப் பெரிய சொகுசு அறை) எடுக்கலாம் என்று தேட உட்கார்ந்தால் முதலில் கிடைப்பது தலைவலிதான். ஒரு பக்கம், இருபது வருடத்துக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும் கப்பலில் பியானோ வைத்த பெரிய சூட். இன்னொரு பக்கம், போன வருடம் இறங்கிய கப்பலில் அதில் பாதி அளவுகூட இல்லாத சூட், விலை மட்டும் அதைவிடக் கூடுதல். இரண்டு விளம்பரத்திலும் அதே சிரிப்பு, அதே ஷாம்பெயின் கோப்பை. எதை வைத்து முடிவு செய்வது?

வாரக்கணக்கில் டெக் பிளான்களையும் (கப்பலின் தள வரைபடங்கள்) விலைப்பட்டியல்களையும் புரட்டிய பிறகு எனக்குப் பிடிபட்டது இதுதான்: பழைய கப்பலில் உங்கள் பணம் அறைக்குள் இருக்கிறது. புதிய கப்பலில் அதில் பெரும்பகுதி அறைக்கு வெளியே இருக்கிறது. தனி லவுஞ்ச், தனி உணவகம், தனி மொட்டைமாடி என்று. இது விளங்கிவிட்டால் மற்றதெல்லாம் சரிபார்க்கும் வேலைதான். அந்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன்.

1. இரண்டும் ஒரே ஜாதிக் கப்பலா என்று பாருங்கள்

ஒப்பிடும் முன் இதைத் தீர்த்துக்கொள்ளுங்கள். எல்லா அறையுமே சூட்டாக இருக்கும் சிறிய கப்பல்கள் ஒரு வகை. சில்வர்சீ, ரீஜென்ட், எக்ஸ்ப்ளோரா போன்ற நிறுவனங்களின் கப்பல்கள் இதில் வரும். இங்கே எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே உபசாரம். சாப்பாடு, பானம், டிப்ஸ் எல்லாம் பெரும்பாலும் டிக்கெட்டிலேயே அடங்கிவிடும். ஆயிரக்கணக்கான பேர் ஏறும் பெரிய கப்பலில் கொஞ்சம் சூட்களைத் தனியாகப் பிரித்து வைப்பது இன்னொரு வகை. நார்வீஜியன் நிறுவனத்தின் 'ஹேவன்', எம்எஸ்சி நிறுவனத்தின் 'யாட் கிளப்', செலிப்ரிட்டியின் 'ரிட்ரீட்', ராயல் கரீபியனின் 'ஸ்டார் கிளாஸ்' எல்லாம் இந்த ரகம்.

ஒரு வகையின் பழைய கப்பலை இன்னொரு வகையின் புதிய கப்பலோடு ஒப்பிடக் கூடாது என்றில்லை, தாராளமாகச் செய்யலாம். ஆனால் அப்போது கேள்வி கப்பலின் வயதைப் பற்றியதல்ல, உங்களுக்குக் கூட்டம் ஒத்துவருமா என்பதைப் பற்றியது. அதை வீட்டில் பேசி முடித்துவிட்டு வாருங்கள்.

2. இறங்கிய ஆண்டோடு நிற்காமல், கடைசியாகப் புதுப்பித்த ஆண்டையும் கேளுங்கள்

பயணிகள் கப்பல்கள் பொதுவாக ஐந்தாண்டுக்கு இரண்டு முறை டிரை டாக் (கப்பலைத் தண்ணீருக்கு வெளியே வைத்துப் பழுது பார்க்கும் இடம்) போகும். எல்லா முறையும் அறைகளைத் தொடுவதில்லை. சில சமயம் அடிப்பாகத்துக்கு வண்ணம், எந்திரத்தில் பழுது பார்ப்பு, கூடவே புதுக் கம்பளம், அவ்வளவுதான். 'அண்மையில் புதுப்பிக்கப்பட்டது' என்ற வரியைப் பார்த்தால் உடனே கேளுங்கள்: சூட்டின் குளியலறை மாறியதா? மெத்தை, சோபா மட்டும் மாறியதா? குளியலறை மாறியிருந்தால்தான் உண்மையான புதுப்பித்தல். அதுதான் செலவு பிடிக்கும் வேலை.

முழுமையாக மாற்றிய பழைய கப்பல்களும் இருக்கின்றன. 1995-இல் இறங்கிய கிறிஸ்டல் சிம்பொனியும் 2003-இல் இறங்கிய கிறிஸ்டல் செரினிட்டியும் 2023-இல் திரும்ப வந்தபோது பல அறைகளைச் சேர்த்துப் பெரிதாக்கியிருந்தார்கள். பயணிகள் எண்ணிக்கை முறையே 606, 740 என்று குறைந்தது. அதே கப்பல், அதே நீளம், ஆள் மட்டும் குறைவு. 2000-இல் வந்த செலிப்ரிட்டி மில்லேனியத்தில் 2019-இல்தான் சூட்காரர்களுக்கென்று தனி லவுஞ்சும் தனி வெயில் மாடியும் சேர்த்தார்கள். இப்படிப்பட்ட கப்பலை 'பழசு' என்று ஒதுக்கினால் நஷ்டம் உங்களுக்கு.

பொறி ஒன்று: டிரை டாக்கிலிருந்து வெளிவரும் முதல் பயணம். வேலை முடியாமல் தச்சர்களும் எலெக்ட்ரீஷியன்களும் கப்பலிலேயே தங்கி மிச்சத்தை முடிப்பது உண்டு. இரண்டு மூன்று பயணம் தள்ளியே எடுங்கள்.

புதிய கப்பலுக்கும் இதே கதைதான், இன்னும் மோசமாக. கட்டும் இடத்தில் தாமதமானால் முதல் பயணங்கள் ரத்தாகும். ரிட்ஸ் கார்ல்டனின் எவ்ரிமா 2020-இல் புறப்பட வேண்டியது. பயணிகளை ஏற்றியது 2022 அக்டோபரில். முதல் பயணத்துக்குப் பதிவு செய்கிறவர்கள் விமான டிக்கெட்டை மாற்றத்தக்கதாக எடுக்க வேண்டும். 'முதல் ஆளாகப் போனேன்' என்று சொல்லிக்கொள்வதைத் தவிர அதில் என்ன கிடைக்கிறது என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

3. சாவி அட்டை எந்தெந்தக் கதவைத் திறக்கும் என்று பட்டியல் எடுங்கள்

அதிகம் ஏமாறும் இடம் இதுதான். ஒரே நிறுவனம், ஒரே 'சூட்' என்ற பெயர், ஆனால் கப்பலுக்குக் கப்பல் சலுகை வேறு. நார்வீஜியனின் பழைய கப்பல்களான ஸ்பிரிட், ஸ்கை, சன் மூன்றிலும் சூட் உண்டு, ஹேவன் என்ற தனி வளாகம் கிடையாது. 2005 முதல் வந்த ஜூவல் வகைக் கப்பல்களில் சின்னக் குளத்தோடு கூடிய ஹேவன் முற்றம் இருக்கிறது. 2022-இல் வந்த பிரைமாவில் ஹேவனுக்கென்று தனி லிஃப்ட், தனி உணவகம், பின்புறத்தில் கடலைப் பார்த்த குளம் என்று எல்லாம் இருக்கின்றன. பெயர் ஒன்று, பொருள் மூன்று.

ராயல் கரீபியனில் பானம், இணையம், தனிக்கட்டண உணவகம், டிப்ஸ் எல்லாம் சேர்த்து 'ஜீனி' என்ற தனி உதவியாளரையும் தரும் ஸ்டார் கிளாஸ், ஓயாசிஸ், குவாண்டம், ஐகான் வகைக் கப்பல்களோடு சரி. 2001-இன் ரேடியன்ஸில் ராயல் சூட் எடுத்தால் பியானோ உண்டு, ஜீனி கிடையாது. எம்எஸ்சியில் யாட் கிளப் 2008-இன் ஃபேன்டேசியாவிலேயே தொடங்கிவிட்டது. ஆகவே அந்தப் 'பழைய' கப்பலில் பட்லர் (சூட்காரர்களைக் கவனிக்கும் பணியாள்), தனி உணவகம், தனிக் குளம் எல்லாம் கிடைக்கும். அதே நிறுவனத்தின் லிரிகா, ஓபரா போன்ற சிறிய கப்பல்களில் அது இல்லை. பிரின்சஸில் சூட்காரர்களுக்கான தனி லவுஞ்சும் தனி உணவகமும் 2024-இன் சன் பிரின்சஸோடு வந்தவை. குனார்டு மட்டும் இதில் விதிவிலக்கு: 2004-இன் குவீன் மேரி 2 ஆனாலும் 2024-இன் குவீன் ஆன் ஆனாலும் 'கிரில்' என்று பெயரிட்ட சூட் எடுத்தவருக்குக் கிரில் உணவகம் தனி. குவீன்ஸ் கிரில் என்றால் பட்லரும் உண்டு, பிரின்சஸ் கிரில் என்றால் இல்லை.

பெயரைப் பார்த்து மயங்காமல் இருக்க மூன்று சொற்களில் கவனமாக இருங்கள். 'மினி சூட்', 'ஜூனியர் சூட்', 'கான்சியர்ஜ் கிளாஸ்'. பிரின்சஸின் மினி சூட்டுக்கு முழுச் சூட்டின் சலுகைகள் கிடையாது. ராயல் கரீபியனின் ஜூனியர் சூட்காரர் சூட் லவுஞ்சுக்குள் நுழைய முடியாது. செலிப்ரிட்டியின் கான்சியர்ஜ் கிளாஸ் பால்கனி அறைதான், சூட்டே அல்ல.

சலுகைப் பக்கத்தை, கப்பலின் பெயர் தெரியும்படி, பதிவு செய்யும் அன்றே பிடிஎஃப்பாகச் சேமித்து வையுங்கள். ஒருமுறை நான் கேட்ட டிராவல் ஏஜென்ட், வேறொரு கப்பலின் சலுகைப் பட்டியலை அப்படியே எனக்கு அனுப்பிவிட்டார். கப்பல் பெயரைக் காட்டிக் கேட்ட பிறகுதான் திருத்திய பட்டியல் வந்தது.

4. சதுர அடியைப் பிரித்துப் பாருங்கள்

ஒரு நிறுவனம் அறையின் அளவை மட்டும் போடும். இன்னொன்று பால்கனியையும் கூட்டிப் போடும். 500 சதுர அடி என்று இருந்தால் 'உள்ளே எவ்வளவு, வெளியே எவ்வளவு' என்று இரண்டு எண் வாங்குங்கள். சதுர மீட்டரில் சொன்னால் 10.76-ஆல் பெருக்குங்கள்.

புதிய கப்பல்களில் இன்னொரு வம்பு. செலிப்ரிட்டி எட்ஜ் (2018) கொண்டுவந்த 'இன்ஃபினிட் வெராண்டா' முறையில் தனியாக ஒரு பால்கனி கிடையாது. அறை கப்பலின் விளிம்பு வரை போகும், பட்டனை அழுத்தினால் கண்ணாடியின் மேல்பாதி கீழே இறங்கும். அறை அகலமாகத் தெரியும், உண்மை. ஆனால் ஒருவர் உள்ளே ஏசியில் தூங்க, இன்னொருவர் வெளியே காற்று வாங்க நினைத்தால் நடுவில் மடிப்புக் கதவை இழுத்துவிட வேண்டும். எனக்கு இது பிடிக்கவில்லை, விரும்புகிறவர்களும் நிறைய. நீங்கள் பார்க்கும் சூட் இந்த வகையா, வழக்கமான பால்கனியா என்று வகைக் குறியீட்டை வைத்துக் கேளுங்கள்.

பழைய கப்பலில் எதிர்ப்பக்கத்துச் சிக்கல்: சூட் என்று பெயர் இருக்கும், பால்கனியே இருக்காது. சில்வர்சீயின் சில்வர் கிளவுட் (1994), சில்வர் விண்ட் (1995) இரண்டிலும் விஸ்டா சூட்டுக்கு ஜன்னல் மட்டும்தான். விலை குறைவு, அறை விசாலம். பால்கனியில் உட்காராதவர்களுக்கு அது நல்ல பேரம்.

இன்னொன்று, மாடிப்படி. ஓயாசிஸ் வகையின் லாஃப்ட் சூட், எட்ஜ் வகையின் வில்லா, குவீன் மேரி 2-இன் பின்புற டூப்ளெக்ஸ், ஐகானில் மூன்று தளம் கொண்ட குடும்ப டவுன்ஹவுஸ் எல்லாம் படத்தில் கண்ணைப் பறிக்கும். படுக்கை மேலே, உட்காரும் இடம் கீழே. முழங்கால் வலி உள்ள பெரியவர்களோடு போனால் படத்தை ரசித்துவிட்டு ஒரே தள சூட்டை எடுங்கள்.

5. அறைக்குள் என்ன வித்தியாசம்

பழைய கப்பலின் சூட்டில் குளியலறைக்குள் காலை வைக்கும்போதே தெரிந்துவிடும். வாசலில் விரற்கடை உயரத்தில் ஒரு விளிம்பு, இரவில் தூக்கக் கலக்கத்தில் கட்டாயம் கால் விரல் இடிக்கும். உள்ளே குளியல் தொட்டி, அதன் சுவர் உயரம். பால்கனிக் கதவு கனமானது. கைப்பிடியைத் திருப்பி, காற்றுக்கு எதிராகத் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும், விட்டால் தானாக அறைந்து மூடும். பால்கனித் தரை பல கப்பல்களில் நிஜத் தேக்கு. அலமாரிகள் ஆழமானவை, இழுப்பறைகள் ஏராளம். நீண்ட பயணங்களுக்காகச் செய்தவை அல்லவா! பிளக் பாயின்ட் மட்டும் பஞ்சம், அலங்கார மேசைக்குப் பக்கத்தில் ஒன்றோ இரண்டோ இருக்கும். கட்டில் ஓரத்தில் போன் சார்ஜ் போட வழியில்லை. சர்ஜ் பாதுகாப்பு (மின்னழுத்தம் திடீரென எகிறினால் காக்கும் வசதி) உள்ள எக்ஸ்டென்ஷன் வயரைக் கப்பலில் பறிமுதல் செய்துவிடுவார்கள். சர்ஜ் பாதுகாப்பு இல்லாத யுஎஸ்பி அடாப்டர் எடுத்துப் போங்கள், அதையும் கொண்டுவரக் கூடாத பொருள்கள் பட்டியலில் ஒரு தடவை சரிபார்த்துவிட்டு.

புதிய சூட்டில் தொட்டிக்குப் பதில் நடந்து நுழையும் ஷவர், கட்டிலின் இருபுறமும் யுஎஸ்பி, விளக்கும் திரைச்சீலையும் பட்டனிலோ டேப்லெட்டிலோ. பெட்டி வைக்கும் இடமும் துணி வைக்கும் இடமும்தான் குறுகிப் போயிருக்கும். ஒரு வாரத்துக்கு அது தெரியாது. மூன்று வாரப் பயணத்தில் சோபாவெல்லாம் துணிமணியாகிவிடும்.

6. வகையைத் தேர்ந்தால் போதாது, அறை எண்ணைத் தேருங்கள்

டெக் பிளானில் உங்கள் அறைக்கு மேலே, கீழே உள்ள தளங்களைப் பாருங்கள். மேலே நீச்சல் குளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம். கீழே அரங்கம் என்றால் நள்ளிரவு வரை பாட்டு. மேலும் கீழும் அறைகளே இருப்பது உத்தமம். கடல் ஒத்துக்கொள்ளாதவர்கள் முன்பக்கத்து உயரமான சூட்டைத் தவிர்த்து நடுப்பகுதியில், கீழ்த் தளத்தில் எடுங்கள். பழைய கப்பல்களில் பின்கோடி சூட்களின் பால்கனி பிரமாதம்; ஆனால் துறைமுகத்தில் நிறுத்தும்போது அதிர்வு வரும், அதையும் கணக்கில் வையுங்கள்.

புதிய பெரிய கப்பல்களில் எல்லாச் சூட்டும் கடலைப் பார்த்தவை அல்ல. ஓயாசிஸ் வகையின் அக்வா தியேட்டர் சூட்களுக்கு விசாலமான பால்கனி உண்டு. எதிரே நீர்க்காட்சி அரங்கம், ஒத்திகையும் சத்தமும் இலவசம். குழந்தைகளுக்குக் கொண்டாட்டம், மதியம் தூங்குகிறவர்களுக்குத் திண்டாட்டம்.

'காரன்டி' என்று போட்டு மலிவாக விற்கும் சூட்டில் அறை எண்ணை நிறுவனமே ஒதுக்கும். மேலே சொன்ன எதையும் நீங்கள் தீர்மானிக்க முடியாது.

7. மொத்தச் செலவை ஒரே தாளில் போடுங்கள்

விளம்பர விலை இருவர் தங்கும் கணக்கில் ஒருவருக்கானது. தனியாகப் போனால் சூட்டுக்குப் பெரும்பாலும் இருவர் கட்டணத்தையும் நீங்களே கட்ட வேண்டும்.

ஒரு கற்பனைக் கணக்கு. புதிய பெரிய கப்பலில் ஏழு இரவுக்கு இருவருக்கு 9,000 டாலர். பழைய, எல்லாம் அடங்கிய சிறிய கப்பலில் 10,500 டாலர். முதலாவதுதான் மலிவு போலத் தெரியும். அதோடு டிப்ஸ் சேர்த்துப் பாருங்கள். சூட்டுக்கு ஒருவருக்கு நாளுக்கு 21 டாலர் என்று வைத்தால் 294. பானத்துக்கு ஒருவருக்கு நாளுக்கு 70 என்றால் 980. இணையத்துக்கு இருவருக்கும் 280 வைப்போம். தனிக்கட்டண உணவகம் இரண்டு இரவு, 200. மொத்தம் 10,754. மலிவாகத் தெரிந்தது இப்போது 254 டாலர் கூடுதல். மது அருந்தாதவர், தனிக்கட்டண உணவகம் போகாதவர் என்றால் கணக்கு திரும்பவும் மாறும். அதனால்தான் உங்கள் பழக்கத்தை வைத்து நீங்களே போட வேண்டும் என்கிறேன். யாட் கிளப் மாதிரிப் பானம் அடங்கியவற்றில் அந்த வரியை அடித்துவிடுங்கள்.

டிப்ஸில் ஒரு நுணுக்கம்: சூட்டுக்குத் தினசரித் தொகை மற்ற அறைகளைவிடக் கூடுதலாகவே இருக்கும். பட்லருக்கும் கான்சியர்ஜுக்கும் (முன்பதிவு, ஏற்பாடுகளைப் பார்த்துக்கொள்பவர்) அது போய்ச் சேருகிறதா என்று நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள். சிலவற்றில் சேராது, தனியாகக் கொடுப்பதுதான் வழக்கம்.

எடுத்த அறையிலிருந்து உயர்ந்த அறைக்கு ஏல முறையில் மாறும் வாய்ப்பு வந்தால், நீங்கள் எழுதும் தொகை பொதுவாக ஒருவருக்கானது. இருவர் என்றால் இரட்டிப்பு. ஏலத்தில் கிடைத்துவிட்டால் கார்டிலிருந்து பணம் போய்விடும், வேண்டாம் என்று சொல்ல வழியில்லை.

8. எப்போது பதிவு செய்வது

கப்பலில் அந்த வகையில் ஒன்றோ இரண்டோ மட்டும் இருக்கும் சூட் வேண்டுமா? டிஸ்னி விஷ் கப்பலின் புகைபோக்கிக்குள் அமைந்த டவர் சூட் மாதிரி? அந்தப் பயணத்துக்குப் பதிவு திறக்கும்போதே எடுங்கள். பொதுவாகப் பயணத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு வருடம் முன்பு. சாதாரண சூட் போதும் என்றால் இன்னொரு நேரம் இருக்கிறது. மீதிப் பணம் கட்டக் கடைசி நாள் பெரும்பாலும் பயணத்துக்கு 90 முதல் 150 நாள் முன்பு வரும். அந்த நாளை ஒட்டி நிறையப் பேர் ரத்து செய்வார்கள், சூட்கள் திரும்ப விற்பனைக்கு வரும். அந்த வாரம் தினமும் பாருங்கள்.

பதிவு செய்யும்போது டெபாசிட் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் வாங்குங்கள். சில நிறுவனங்களில் சூட்டுக்கு மட்டும் ரீஃபண்ட் இல்லாத டெபாசிட்தான். கப்பலையே மாற்றும் உரிமை நிறுவனத்துக்கு உண்டு என்பது ஒப்பந்தத்தின் உள்ளே இருக்கும். புதிய கப்பலுக்குப் பணம் கட்டி, பழைய கப்பலுக்கு மாற்றினால் என்ன தருவார்கள் என்பதை அங்கே படியுங்கள்.

9. ஆவணங்கள்

சூட்காரர் என்பதற்காக எந்த எல்லையிலும் சலுகை கிடையாது.

பாஸ்போர்ட் பயணம் முடியும் தேதிக்குப் பிறகு ஆறு மாதம் செல்ல வேண்டும். பதிவில் உள்ள பெயர் பாஸ்போர்ட்டில் உள்ளபடி எழுத்துக்கு எழுத்து இருக்க வேண்டும். முதல் எழுத்து, தந்தை பெயர் விவகாரமெல்லாம் இங்கேதான் வெடிக்கும். மீதிப் பணம் கட்டும் முன்பே திருத்துங்கள், பிறகு சில நிறுவனங்கள் கட்டணம் கேட்கும்.

விசாவில் பெரிய பொறி ஷெங்கன், அதாவது ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் பகுதி. பார்சிலோனாவில் ஏறி, நடுவில் துருக்கியோ பிரிட்டனோ போய், திரும்ப இத்தாலியில் இறங்கினால் நீங்கள் ஷெங்கன் பகுதியை விட்டு வெளியேறி மீண்டும் நுழைகிறீர்கள். ஒரு நுழைவு விசா போதாது, பல நுழைவு விசா கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். விசா இல்லாவிட்டால் ஏறும் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள், கட்டிய பணம் வராது.

காப்பீட்டில் இரண்டு வரி பாருங்கள்: கடலிலிருந்து மருத்துவ வெளியேற்றம், ரத்துக்கான உச்சத் தொகை. சாதாரணப் பயணக் காப்பீட்டின் ரத்துத் தொகை சூட் விலையில் பாதியைக்கூடத் தொடாமல் இருக்கலாம். முன்பே உள்ள நோய்களுக்குக் காப்பு வேண்டுமென்றால், டெபாசிட் கட்டிய சில நாட்களுக்குள் பாலிசி எடுக்க வேண்டும் என்ற நிபந்தனை இருக்கும்.

10. ஏறும் நாள்

ஆன்லைன் செக்-இன் திறந்ததும் முடித்துவிடுங்கள். முனையத்தில் சூட்காரர்களுக்குத் தனி வரிசை இருக்கும். பலகையில் தெரியாவிட்டால் உங்கள் சூட் வகையைச் சொல்லிக் கேளுங்கள், யாரும் தேடி வந்து அழைக்க மாட்டார்கள்.

அறைக்குள் போனதும் பெட்டியைப் பிரிக்கும் முன் ஏசி, ஷவரின் வெந்நீர், பால்கனிக் கதவின் பூட்டு, பெட்டகம் நான்கையும் சோதியுங்கள். குறை இருந்தால் கப்பல் துறைமுகத்தை விட்டுக் கிளம்புமுன் சொல்லிவிடுங்கள். அதற்குள் வராத பயணிகளின் அறை காலியாக இருந்தால் மாற்றித் தர வாய்ப்பு உண்டு.

அப்புறம், பயணம் முடிவதற்குள் கப்பலிலேயே இருக்கும் அடுத்த பயணப் பதிவு மேசைக்குப் போய்ப் பாருங்கள். பல நிறுவனங்கள் அங்கே குறைந்த டெபாசிட்டும் கப்பலில் செலவழிக்கக் கொஞ்சம் பணமும் தரும். கடைசி நாள் கூட்டம் அலைமோதும். நடுவில் வரும் கடல் நாளில் (எந்தத் துறைமுகத்திலும் நிற்காத நாள்) போனால் ஆற அமர உட்கார்ந்து, அடுத்த கப்பலின் டெக் பிளானை விரித்து வைத்துக் கேள்வி கேட்கலாம்.